தறிக்குழியை மூடின கதை

எங்க வீட்டுக் கூடத்து நடுவுல ஒரு குழி இருந்துச்சு. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துல தறி போட்ட வீடுங்களுக்கு அது ஒண்ணும் அதிசயம் இல்ல. தறி தரையோட தரையா இருக்கும். நெய்யறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்க இடுப்பு ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும். பொறந்ததுலேர்ந்து பார்த்தவங்களுக்கு அது கதவு, ஜன்னல் மாதிரி வீட்டுல ஒரு பாகம். நான் தாமல் கிராமத்துல பயிர் வைக்கிற வீட்டுப் பொண்ணு. காலேஜ் பஸ்ல இவரைப் பார்த்துப் புடிச்சுப்போச்சு. ரெண்டு வீட்டுலயும் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கினு இருந்துட்டு அப்புறம் சரின்னாங்க. கட்டிக்கினு வந்த வாரமே, கரண்ட் போன சமயத்துல, தண்ணிச் சொம்போட அந்தக் குழிக்குள்ள விழுந்தேன். கணுக்கால் பிசகி வீங்கிப் போச்சு. என் வீட்டுக்காரர் ஓடி வந்தாரு. வந்தவர் என்னைத் தூக்கல. "ஐயோ, பாவுல தண்ணி பட்டுச்சா?"ன்னு கேட்டாரு. பாவுன்னா தறியில நீளமா இழுத்துக் கட்டின பட்டு நூலு. அன்னிக்கு நான் பேசின பேச்சை அவர் இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாரு.

அதனால, கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சு வயித்துல ஒண்ணு தங்கினதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "குழியை மூடுங்க." அவர் சிரிச்சாரு. "முதல்ல பொறக்கட்டும், அப்புறம் தவழட்டும், அப்புறம் விழட்டும்"னாரு. "விழட்டுமா? வாயைக் கழுவுங்க"ன்னேன். சிரிப்பு நின்னுடுச்சு. மறுநாளே போய், தரைக்கு மேல நிக்கிற மாதிரி சட்டம் அடிச்ச தறிக்குச் சொல்லி வெச்சுட்டு வந்தாரு.

அத்தை, அதாவது அவரோட அம்மா, ஒத்துக்கல. "புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல குழி வெட்டக்கூடாது, குழி மூடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது"ன்னாங்க. "ஏன் அத்தை?"ன்னு கேட்டா, "கூடாதுன்னா கூடாது, அதுக்கு மேல இன்னா ஏனு?" அதோட முடிஞ்சுது. தொட்டில் கட்ட உத்தரத்துல கொக்கி போடலாமான்னாலும் அதே பதில்தான். புதுசா ஒரு துணி வாங்கக்கூடாது, ஒரு கிலுகிலுப்பை வாங்கக்கூடாது. பொறக்காத புள்ளைக்குச் சாமான் சேர்க்கக்கூடாதாம். வீட்டை ரெடி பண்ணணும், ஆனா எதையும் தொடக்கூடாது. எப்படி இருக்குது பாருங்க நியாயம்! கடைசில எனக்கு விட்ட வேலை ஒண்ணுதான். பழைய காட்டன் புடவைங்களை வெந்நீர்ல ஊறவெச்சு அலசி, வெயில்ல காயவெச்சு, ஏணைத் தொட்டில் கட்டறதுக்கும் விரிச்சுப் போடறதுக்கும் மடிச்சு வெச்சேன். அத்தையோட புடவைங்கதான். தொட்டா அவ்வளவு மெத்துன்னு இருக்கும்.

மிச்ச நேரத்துக்கு எனக்கு ஓவன் இருந்துச்சு. என் அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. சமையல்கட்டு மேடையில மிக்ஸி பக்கத்துல உட்கார்ந்திருக்கும். வாந்தி நின்ன மாசத்துலேர்ந்து எனக்கு ஒரே வெறி. பன், ரஸ்க், வாழைப்பழ கேக்கு, தேங்காய் பன்னு. அத்தை முட்டை தொடமாட்டாங்க, அதனால தயிர் ஊத்திச் செய்யப் பழகினேன். "பேக்கரித் தீனி"ன்னு மூக்கைச் சுளிச்சவங்களுக்காகவே ஒரு பிஸ்கட் கண்டுபிடிச்சேன். சின்ன காஞ்சிபுரத்துக் கோயில் இட்லியில போடற மாதிரி, ஒண்ணும் பாதியுமா இடிச்ச மிளகு, சீரகம், சுக்குப் பொடி, நெய்யில பொரிச்ச கறிவேப்பிலை. வெந்து வரும்போது அந்த வாசனை கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போகும். பக்கத்து வீட்டுப் பொண்ணு சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, "அக்கா, எனக்கு எடுத்து வையுங்க"ன்னு கத்துவா. அவளுக்கு அப்பதான் ஆம்பளப் புள்ள பொறந்திருந்துது. அத்தை ஒண்ணை எடுத்துப் பிட்டு, மோந்து, வாயில போட்டு, "உப்பு கம்மி"ன்னாங்க. அப்புறம் டப்பா காலி.

பட்டும் வெண்ணெயும் ஜென்ம விரோதி. ஒரு விரல் எண்ணெய் பட்டாலும் புடவை போச்சு. நான் தறியிலயும் உட்காரணும். கோர்வைப் புடவைன்னா உடம்பு ஒரு கலரு, பார்டர் வேற கலரு. நெய்யறவர் ஒருத்தரால ஆகாது. பார்டர் நூலைக் கொண்டுபோற நாடாவைத் தள்ள பக்கத்துல இன்னொரு ஆள் உட்காரணும். எங்க வீட்டுல அந்த ஆள் நான். அதனால ஓவன் வேலை முடிஞ்சா கடலைமாவு போட்டு முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவிட்டுதான் வருவேன். அவர் கையை எடுக்கமுடியாது. வாயை மட்டும் திறப்பாரு. நான் சூடா பன்னை முள்கரண்டில குத்தி ஊட்டுவேன். "பாரு, நல்லா பாரு, இன்னும் கொஞ்ச நாள்ல இந்த வாய்க்கு ஒண்ணும் கிடைக்காது, வேற வாய் வரப்போவுது"ம்பேன். "அதுக்குப் பல்லு மொளைக்கிற வரைக்கும் எனக்குத்தான்"னு சொல்லிட்டு மறுபடி வாயைத் திறப்பாரு.

அந்த நாளுங்களை நினைச்சா இப்பவும் கோபமா வருது. அவ்வளவு சந்தோஷமா இருக்க நமக்கு யாரு சொன்னதுன்னு தோணுது.

வயித்துக்குள்ள இருந்தது தறியோட சேர்ந்துக்கினுச்சு. அவர் மிதிச்சு, பலகையை அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஒரு உருளல். சாப்பாட்டுக்குத் தறி நின்னா கொஞ்ச நேரத்துல அதுவும் அடங்கிடும். திரும்ப ஓட்டினா திரும்ப உதைக்கும். நானா கதை கட்டல, அத்தையும் கை வெச்சுப் பார்த்தாங்க, பக்கத்து வீட்டுப் பொண்ணும் பார்த்தா. "நெசவுக்காரன் வந்துட்டான்"னு அத்தைக்கு ஒரே பெருமை. "பொண்ணா இருந்தா?"ன்னு கேட்டேன். "இருந்தா இன்னா, நெய்யமாட்டாளா?"ன்னாங்க.

குழி விஷயத்துக்கு அத்தையே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. தலைப்பிரசவத்துக்கு நான் தாமலுக்குப் போவேன் இல்லையா? வளைகாப்பு முடிஞ்சு நான் வாசலைத் தாண்டிட்டா, அது புள்ளத்தாச்சி இருக்கிற வீடு இல்ல. அப்ப மூடிக்கலாம். சாமிக்கே சட்டம் சொல்ற மாமியார்! நான் அவங்களைக் கட்டிப் புடிச்சுக்கினேன். எல்லாருக்கும் சம்மதம், யாருக்கும் தோல்வி இல்ல. தறியில இருந்த புடவையை வளைகாப்புக்கு முன்னாடியே முடிச்சு அறுத்துட்டு, பழைய தறியைக் கழட்டறதா பேச்சு.

அப்படியே நடந்துச்சு. கை நிறைய வளையல் போட்டு, அஞ்சு வகைச் சோறு தின்னு, ஒரு டப்பா மிளகு பிஸ்கட்டோட அண்ணன் வேன்ல ஏறினேன். தெருமுனை திரும்பறதுக்குள்ள இவர் மிதிக்கட்டையைக் கழட்ட ஆரம்பிச்சுட்டாராம். அவ்வளவு அவசரம். குழியை மூட மண்ணு எங்க அண்ணன்தான் அனுப்பினாரு. ஏரி மண்ணு வேணாம், விரிசல் விடும்னு, எங்க நிலத்து மேட்டுல, வேப்பமரத்துப் பக்கம், நல்ல செம்மண்ணை வெட்டி டிராக்டர்ல ஏத்தி அனுப்பினாரு. "உன் புள்ள தவழப்போறது நம்ம மண்ணு மேலதான்மா"ன்னாரு. இவர் அதைக் கொட்டி, தண்ணி விட்டு, திம்சுக்கட்டையால இடிச்சு, மேல சிமென்ட் பூசி, எனக்கு போட்டோ அனுப்பினாரு. பெரிய சதுரமா சாம்பல் கலர் தரை. அம்மாகிட்ட காட்டினேன், அண்ணிகிட்ட காட்டினேன், பால்காரர்கிட்ட கூடக் காட்டினேன். தரையை யாராவது போட்டோ புடிச்சுக் காட்டுவாங்களா? நான் காட்டினேன்.

தாமல்ல தறிச் சத்தம் கிடையாது. ஏரிக்கரை காத்து, மாடு, எப்பவாவது ஒரு பஸ் ஹாரன். வந்த கொஞ்ச நாளைக்கு உள்ளே இருந்தது வழக்கம்போல இருந்துச்சு. அப்புறம் உருளல் குறைஞ்சுது. அம்மா கேட்டாங்க, "இன்னாமா, ஆடுதா?" நான் சொன்னேன், "தறிச் சத்தம் இல்லல்ல, அதான் தூங்குது." அம்மாவுக்கு அது நியாயமாப் பட்டுது. போன்ல அத்தைகிட்ட சொன்னேன். அவங்களும், "ஆமாமா, சத்தத்துக்குப் பழகின புள்ள, சத்தம் இல்லன்னா ஏங்கிப் போயிருக்கும்"னாங்க. இவருக்குத்தான் மனசு தாங்கல. எங்க வீட்டுத் தறி கழட்டிக் கிடக்குது, புதுசு இன்னும் ஏத்தல. பக்கத்து வீட்டுக்குப் போய், அவங்க தறி பக்கத்துல உட்கார்ந்து, சத்தத்தைப் போன்ல பதிவு பண்ணி அனுப்பினாரு. நடுவுல அவங்க வீட்டுக் குழந்தை அழற சத்தமும் கேக்கும்.

நான் போனை வயித்து மேல வெச்சுக்கினு படுத்திருப்பேன். டக், டக்குனு தறி ஓடும். லேசா ஒரு அசைவு வந்த மாதிரி இருந்துச்சு. நிஜமாவே வந்துச்சா, வரணும்னு நான் ஆசைப்பட்டதால அப்படித் தோணிச்சா, இப்ப எனக்குத் தெரியல. "பாரு, கேக்குது"ன்னு அம்மா சிரிச்சாங்க. நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடிச்சேன். மறுநாளும் தறியைப் போட்டேன். ஒண்ணும் இல்ல. சத்தத்தை ஏத்தி வெச்சேன். திரும்பத் திரும்பப் போட்டேன். எங்க அம்மா முகம் மாறிச்சு. அண்ணன் வேனை எடுத்தாரு.

ஆஸ்பத்திரியில வயித்துல ஜெல்லு தடவி அந்தக் கருவியை வெச்சு நகர்த்தினாங்க. நகர்த்திக்கினே இருந்தாங்க. டாக்டரம்மா ஸ்கிரீனை என் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் திருப்பினாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. "அசைவு எப்பலேர்ந்து கம்மி?"ன்னு கேட்டாங்க. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா அண்ணனைப் பார்த்தாங்க. "தறிச் சத்தம் இல்லாததால..."ன்னு அம்மா ஆரம்பிச்சாங்க. டாக்டரம்மாவுக்குப் புரியல. புரியறதுக்கு அவங்க பிள்ளையார்பாளையத்துல பொறந்திருக்கணும்.

நஞ்சுக்கொடி சரியா வேலை செய்யலைன்னாங்க. யார் பண்ணினதும் இல்ல, சிலருக்கு இப்படி ஆவுதுன்னாங்க. முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமான்னு, சேதி கேட்டு ஓடி வந்த இவர் கேட்டதுக்கு, "சொல்ல முடியாது"ன்னாங்க. சொல்ல முடியாதுங்கிற அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கினு ஒரு மனுஷி எவ்வளவு காலம் ஓட்டறது? அசைவு கம்மியானா உள்ளே இருக்கிறது எதுக்கும் ஏங்கல, எதுவும் கேக்கல. ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இதை நான் இப்ப வயித்தைத் தள்ளிக்கினு போற முன்னப் பின்ன தெரியாத பொண்ணுங்ககிட்ட கூடச் சொல்றேன். பைத்தியம்னு பார்க்கறாங்க, பார்க்கட்டும்.

அது பொண்ணு. வலி வரவெச்சுத்தான் எடுத்தாங்க. முழுசா இருந்தா, நகம் கூட இருந்துச்சு. அழுவான்னு நான் காத்துக்கினு இருந்தேன். தெரிஞ்சும் காத்துக்கினு இருந்தேன். அத்தையோட பழைய புடவையை, நான் அலசி மடிச்சு வெச்சதுல ஒண்ணை, இவர் காஞ்சிபுரத்துலேர்ந்து எடுத்துக்கினு வந்தாரு. அதுல சுத்தி அண்ணனும் இவரும் எடுத்துக்கினு போனாங்க. என்னைக் கூட்டிக்கினு போகல, தாய் வரக்கூடாதாம்.

பால் வந்துச்சு. அது தெரியுமா உங்களுக்கு? புள்ள இல்லைன்னு உடம்புக்கு யாரும் சொல்லல. ஜாக்கெட் நனைஞ்சு ஒழுவும். மல்லிகைப்பூ வெச்சுக் கட்டினா வத்திடும்னு அம்மா பந்து பந்தா பூ வாங்கி வந்து மார்ல வெச்சுக் கட்டினாங்க. கல்யாணத்துக்கு வெச்ச பூ. அந்த வாசனை எனக்கு இப்பவும் ஆகாது. கோயில் வாசல் பூக்கடையைத் தாண்டும்போது மூச்சைப் புடிச்சுக்கினு போவேன்.

எங்கே வெச்சீங்கன்னு கேட்டேன். யாரும் சொல்லல. சண்டை போட்டேன், சோறு வேணாம்னேன். கடைசில அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கினு சொன்னாரு. வேப்பமரத்துப் பக்கம்தான். தனியா வெட்டல. மண்ணு எடுத்த பள்ளம் அப்படியே இருந்துச்சாம்.

அன்னிக்கு நான் அழல. எனக்கு அந்தப் பள்ளத்தோட அளவு தெரியும். எங்க கூடத்துல எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவு.

காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வந்தேன். கூடம் பெருசா இருந்துச்சு. தரை அந்த போட்டோவுல இருந்த மாதிரியே இருந்துச்சு, சில்லுனு. புதுத்தறி அதுமேல நாலு காலுல நின்னுக்கினு இருந்துச்சு. அத்தை என்னைப் பார்த்ததும் எழுந்திரிக்கல. அவங்க கேக்கைக் குத்தம் சொல்லுவாங்க, ஓவனைச் சொல்லுவாங்கன்னு நான் பல்லைக் கடிச்சுக்கினு வந்தேன். தெருவுல ரெண்டு விதமாவும் பேசிக்கினு இருந்தாங்க. "சும்மா சும்மா கேக்கு தின்னா"ன்னு ஒரு பேச்சு, "புள்ளத்தாச்சி வூட்ல குழி மூடினாங்க"ன்னு ஒரு பேச்சு. அத்தை என்னைச் சொல்லல. "நான்தான் ஏமாத்தினேன்"னாங்க. "வாசலைத் தாண்டிட்டா ஆகும்னு நான்தான் வழி சொன்னேன். அவளோட வூடு எப்படி அவளோட வூடு இல்லாம போவும்? எனக்குப் புத்தி எங்க போச்சு?"

அன்னிக்கு ஆரம்பிச்சாங்க. தினம் இவர்கிட்ட, "குழியைத் திறந்துடுடா, திறந்து விட்டுடு, அடுத்ததாவது தங்கட்டும்"னு. டாக்டரம்மா சொன்னதை நான் எடுத்துச் சொல்வேன். நஞ்சுக்கொடி, அத்தை. குழி இல்ல, கேக்கு இல்ல, நீங்களும் இல்ல. தலையை ஆட்டுவாங்க. சாயங்காலம் மறுபடி, "திறந்துடுடா." இவரும் ஒரு நாள் கடப்பாரையை எடுத்துக்கினு வந்து நின்னுட்டாரு. அம்மா அழுறதைப் பார்க்கமுடியலையாம்.

எனக்கு எங்கேருந்து வந்துச்சோ அந்தக் குரலு. "அது என் பொண்ணுக்குப் போட்ட தரை. அவளுக்குன்னு இந்த வீட்டுல நடந்தது அது ஒண்ணுதான். ஒரு சொக்கா கூட வாங்க விடல நீங்க. அந்தத் தரை மேல கடப்பாரை பட்டா, அப்புறம் நான் இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது." கடப்பாரை கொல்லைப்பக்கம் போச்சு. அதுக்கப்புறம் அத்தை கேக்கல. தினம் காலையில அந்த இடத்தை மட்டும் ரெண்டு தரம் துடைப்பாங்க.

ஓவனை நான் ரொம்ப மாசம் தொடல. துணி போட்டு மூடி வெச்சிருந்தேன். திரும்ப ஆரம்பிச்சது அத்தைக்காகத்தான். சரியா சாப்பிடாம வத்திப் போயிட்டாங்க. ஒரு நாள் மதியம் மிளகை இடிச்சேன், சீரகம், சுக்கு, கறிவேப்பிலை. தட்டை ஆறவைக்க கூடத்துல கொண்டாந்து வெச்சேன். இவர் தறி ஓட்டிக்கினு இருந்தாரு. தெருக்கதவு திறந்திருந்துச்சு.

பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து உள்ளே வந்துச்சு. வாசனைக்குத்தான் வந்திருக்கணும். நேரா அந்தச் சிமென்ட் தரை மேல கையை ஊனி ஊனி, நடுவுல வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரிச்சான். ரெண்டு பல்லு. அந்தத் தரை மேல தவழ்ந்த முதல் குழந்தை அவன்தான். நான் ஒரு பிஸ்கட்டை ஊதி ஆறவெச்சு அவன் கையில கொடுத்தேன். அதை வாயில வெச்சுச் சப்பினான். மிளகு காரத்துக்கு மூஞ்சியைக் கோணினான், ஆனா விடல. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா!

"ஐயோ!"ன்னு ஒரு சத்தம். அவன் அம்மா. சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பிஸ்கட் கேட்டவ, இவருக்குத் தறிச் சத்தம் புடிக்க இடம் கொடுத்தவ. ஓடி வந்து குழந்தையை ஒரே தூக்கா தூக்கினா. குழிக்குள்ள விழுந்த புள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கினா. அவன் விரலைப் பிரிச்சு பிஸ்கட்டை எடுத்துத் தரையில வெச்சா. "இப்பதான்க்கா சாப்ட்டான்"னா. என் முகத்தைப் பார்க்கல. வெளியே போகும்போது புடவைத் தலைப்பால அவன் முகத்தை மூடிக்கினு போனா.

தறி நின்னுபோயிருந்துச்சு. இவர் நாடாவைக் கையில வெச்சுக்கினு அப்படியே உட்கார்ந்திருந்தாரு. அத்தை சமையல்கட்டுலேர்ந்து எட்டிப் பார்த்தாங்க. எல்லாத்தையும் பார்த்துட்டாங்க. மெல்ல வந்து, குனிஞ்சு, அந்த எச்சில் பிஸ்கட்டை எடுத்துத் தன் வாயில போட்டுக்கினாங்க. எச்சில் பாத்திரத்தைக் கூடத் தொடாத மனுஷி. மென்னுக்கினே இவர்கிட்ட, "ஏன்டா நிறுத்தினே, ஓட்டு"ன்னாங்க.

தறி ஓட ஆரம்பிச்சுது. நான் அந்தத் தரையிலயே உட்கார்ந்தேன். டக், டக்குனு சத்தம் வர வர, என் கை தானா வயித்துக்குப் போய் அங்கேயே நின்னுச்சு. உள்ளே யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும், கைக்குத் தெரியல.